தாடை நோவும் பற்கடிப்பும்: சிகிச்சையில் நிதானம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், வைத்திய உதவி நிதிக் குழுவின் அங்கத்தினராகிய தமிழ்ப் பண்டிதர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் வைத்தியன் அல்லேன். பிள்ளைகட்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியன். அங்ஙனமாகத் தாடை நோவைப்பற்றிப் பேச இவனுக்கு என்ன உரிமை என்று உங்களுட் சிலர் கருதலாம். நமது வைத்திய உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு என்னிடத்தும் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் தாடை வலிக்காகவும், உறக்கத்திற் பல்லைக் கடிப்பதற்காகவும் பெருந்தொகை வேண்டுவன இப்பொழுது வரத் தொடங்கியுள்ளன. பணம் கொடுப்பதா மறுப்பதா என்று துணிவதற்கு முன், அச் சிகிச்சைகள் எத்தன்மையன என்று அறிந்துகொள்ளுதல் கடமையாயிற்று. ஆதலின் அறிந்த மருத்துவர்களைக் கேட்டும், அவர்கள் காட்டிய நூல்களையும் அறிக்கைகளையும் படித்தும் யான் தெரிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதற்கண் அவயவத்தை அறிவோம். காதின் துவாரத்துக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலின் கீழே ஒரு குமிழ் அசைவதை உணர்வீர்கள். கீழ்த்தாடை எலும்பின் தலை அது. மண்டையோட்டின் குழி ஒன்றில் அது பொருந்தியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நாரும் குருத்துமாகிய ஒரு சிறு தட்டு மெத்தைபோல் அமைந்திருக்கிறது. நம் உடம்பிலுள்ள மற்றப் பொருத்துக்கள் பெரும்பாலும் தனித்தனியே இயங்குவன. இஃதோ வலமும் இடமும் ஒருங்கே இயங்கவேண்டியது. கதவின் கீல்போற் சுழலுவதோடு அமையாது, வாயை அகலத் திறக்கும்போது முன்னோக்கி வழுக்கியும் செல்லும். உண்ணல், பேசல், கொட்டாவி விடல் என்று நாள் முழுதும் உழைக்கும் இப் பொருத்தை இயக்குவன கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் தாடையின் உட்புறத்திலும் உள்ள வலிய தசைகள். தாடை நோவு என்று நாம் சொல்லுவது பெரும்பாலும் இத் தசைகளின் நோவே. சிலர்க்குப் பொருத்தின் நோவு. பலர்க்கு இரண்டும் கலந்தது.

பற்கடிப்பு இருவகைப்படும். உறக்கத்தில் நறநறவென்று அரைப்பது ஒன்று. விழித்திருக்கும்போது தம்மை அறியாமலே பற்களை இறுக்கி வைத்திருப்பது மற்றொன்று. 1994-ஆம் ஆண்டில் கனடா தேசத்திற் பெரியோரிடத்தே எடுத்த ஒரு கணக்கில், நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர் உறக்கத்திற் பல்லைக் கடிப்பதாகக் கூறினர். வயது ஏற ஏற இது குறைகின்றது. காப்பியும் தேநீரும் மிகுதல், மது, புகை, மனக்கவலை ஆகியவை இதனை மிகுவிக்கக்கூடியன. மனத்தளர்ச்சிக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளாலும் இது தோன்றும். ஆயின் அம் மருந்துகளை உண்போர் தாமே நிறுத்திவிடாது, கொடுத்த மருத்துவரிடம் சொல்லவேண்டும். உரக்கக் குறட்டைவிட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறி எழும் நோயுடையாரிடத்தும் பற்கடிப்புக் காணப்படுவதுண்டு. அவர்கட்கு முதலில் வேண்டுவது உறக்கத்தைப் பற்றிய பரிசோதனை.

குழந்தைகள் பல்லைக் கடித்தால் வயிற்றிற் பூச்சி என்பது நம் வீடுகளில் வழங்கும் பேச்சு. பூச்சி மருந்து கொடுப்பது அதனளவில் நன்றே. ஆண்டுதோறும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அரசினரே அதனைக் கொடுத்து வருகின்றனர். ஆயின் பூச்சி இல்லாத குழந்தைகளும் பல்லைக் கடிக்கின்றன. வளர வளரப் பெரும்பாலோரிடத்து அப் பழக்கம் தானே நீங்குகின்றது. பால்பற்கள் சிறிது தேய்ந்திருக்கின்றன என்பதற்காகப் பெற்றோர் நடுங்கவேண்டுவதில்லை.

நம் மொழியில் ‘பல்லைக் கடித்துக்கொண்டு’ என்று ஒரு வழக்கு உண்டு. கடனாளி பல்லைக் கடித்துக்கொண்டு காலந்தள்ளுகிறான். புக்ககத்திற் புதிதாய்ப் புகுந்த பெண்ணைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திரு என்கிறோம். இது வெறும் பேச்சன்று. பொறுக்கவொண்ணாததைப் பொறுப்போரின் தசைகள் மெய்யாகவே இறுகுகின்றன. தாடை நோவென்று மருத்துவரை நாடுவோருள் ஆடவரைக் காட்டிலும் மகளிர் மிகுதி. அமெரிக்காவில் நோயில்லாத பெரியோர் பலரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சியில், பின்னர்த் தாடை நோவு யாரிடத்துத் தோன்றிற்று என்று பார்த்தனர். உறக்கக் குறைவும், மனவுளைச்சலும், உடம்பில் வேறிடங்களில் வலியும் உடையோரிடத்தே அது மிகுதியாகத் தோன்றியது. ஆதலின் ஒரு வீட்டிற் பெண்ணொருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாயின், அவள் பல்லை மட்டும் பாராது, அவள் உறங்கும் நேரத்தையும் அவள் தலைமேல் உள்ள சுமையையும் வீட்டார் பார்க்கவேண்டும். வலிக்குக் காரணம் மனமும் ஆம் என்றால் வலி பொய் என்பது பொருளன்று. வலி மெய்யே.

இனி, இந் நோய்க்குச் செய்யப்பட்ட சிகிச்சைகளின் வரலாற்றைச் சிறிது கேளுங்கள். அவசரத்தால் விளையும் கேட்டை இவ் வரலாறு நன்கு காட்டும்.

1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸெயின்ட் லூயி நகரத்து ஜேம்ஸ் காஸ்டன் என்னும் காது மூக்கு வைத்தியர், காது வலி, காதடைப்பு, தலைநோவு ஆகியவற்றைத் தாடைப் பொருத்தோடு இணைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கடைவாய்ப் பற்களை இழந்தோரின் தாடை அளவுக்கு மீறி மூடுவதால், எலும்பின் தலை பின்னே சென்று நரம்பையும் காதின் குழலையும் அழுத்துகிறது என்பது அவர் கொள்கை. அந்நோய்க்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. 1948-இல் ஹாரி ஸிக்கர் என்னும் உடற்கூற்று அறிஞர், அவர் கூறிய வண்ணம் அங்கே நரம்பு அழுந்துதற்கு இடமில்லை என்று காட்டினார். காஸ்டனின் விளக்கம் தளர்ந்தது. ஆயினும் பற்கள் பொருந்துவதிலேயே குற்றம் இருக்கிறது என்ற எண்ணம் தளரவில்லை. பல்லை ராவிச் சமப்படுத்துதலும், எல்லாப் பற்களையும் குறைத்து மூடி போடுதலும், கம்பி கட்டுதலும் பல்லாண்டுகள் பெருவழக்காய் இருந்தன.

அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்த்தோரும் உண்டு. 1976-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். தாடைத் தசை நோவுடைய 25 பேர்க்குப் பல்லை ராவிச் சமப்படுத்துவதாகச் சொல்லிக் கருவியை ஓட்டினர். மெய்யாகப் பல்லின் பொருத்தத்தை மாற்றவேயில்லை. அவருள் 16 பேர் நோய் முற்றிலும் அல்லது பெரும்பாலும் நீங்கியதாகக் கூறினர். 1984-இல் வேறு ஆராய்ச்சியாளர், பல்லின் பொருத்தத்தைக் கெடுக்குமாறு வேண்டுமென்றே உயரமாக மூடியமைத்து, இரவிற் பற்கடிப்பு மிகுகின்றதா என்று கருவி கொண்டு அளந்தனர். மிகவில்லை; பெரும்பாலோரிடத்துக் குறைந்தது. பல்லைச் சமப்படுத்துதல் தாடை நோவை நீக்கும் அல்லது தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று காக்ரேன் என்னும் மருத்துவச் சான்றாய்வுக் கழகத்தார் 2003-இல் முடிவு கூறினர்.

‘அந்த டாக்டரிடம் பல்லை ராவிக்கொண்டேன், நோய் போய்விட்டது’ என்று ஒருவர் உங்களிடம் கூறுவாராயின், அவர் பொய் சொல்லவில்லை. ஆயின் ராவாமலே ராவியதாக நம்பியோர்க்கும் நோய் போயிற்று என்பதையும் நினைவிற் கொள்க. இந் நோய் ஏறியும் இறங்கியும் வருவது. வலி உச்சத்தில் இருக்கும்போதே மனிதன் வைத்தியரிடம் ஓடுகிறான். அதன்பின் அது இறங்குவது இயல்பு. அன்பான சொல்லும், நம்பிக்கையும், காலமும் செய்த வேலைக்குரிய புகழ் ராவிய கருவிக்குப் போய்விடுகிறது. வலி போயிற்று என்பது நன்றே. போன பல் மீண்டு வருமா என்பதே கேள்வி.

இதனினும் கொடியது அடுத்து வந்தது. பொருத்தினுள் இருக்கும் தட்டு இடம்பெயர்வதே நோய்க்குக் காரணம் என்று 1970-க்குப் பின்னும் 1980-க்குப் பின்னும் பலர் கருதினர். தட்டை அறுத்தெடுத்துவிட்டு, அவ்விடத்தே டெப்லான் என்னும் பொருள் கலந்த செயற்கைத் தட்டை வைக்கும் ரணசிகிச்சை அமெரிக்காவிற் பரவிற்று. டெக்ஸாஸ் மாநிலத்துக் கம்பெனி ஒன்று செய்த அத் தட்டு 1983-இல் விற்பனைக்கு இசைவு பெற்றது. தட்டு உண்டாக்கப்பட்ட பொருளோ, மெல்லும் பாரத்தைத் தாங்காது துணுக்குத் துணுக்காகச் சிதைந்தது. அத் துணுக்குகளை அழிக்க முயன்ற உடம்பின் அணுக்கள் அருகிலிருந்த எலும்பையே அரித்தன. சிலரிடத்து மண்டையோட்டின் அடித்தளமே துளைபட்டது. கம்பெனி 1990-இல் திவாலாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்க அரசின் உணவு மருந்து ஆட்சித்துறை எச்சரிக்கை விடுத்தது. அதற்குள் பல்லாயிரம் தட்டுகள் வெளிச்சென்றுவிட்டன. ஒரு சிறு ஓசைக்காகவும் மிதமான வலிக்காகவும் கத்தியின் கீழ்ச் சென்றோருட் சிலர், மீண்டும் மீண்டும் ரணசிகிச்சை செய்துகொண்டு வாழ்நாள் முழுதும் துன்புறலாயினர்.

இத்துணைக்கும் அடிப்படையாய் இருந்த காரணமாவது உறுதியானதா? பின்னர்க் காந்தப் படம் எடுத்துப் பார்த்தபொழுது, எந்த நோவும் இல்லாத மக்களுள்ளும் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்குத் தட்டு இடம்பெயர்ந்தே இருக்கக் கண்டனர். தட்டு மாட்டிக்கொண்டு வாய் அகலத் திறவாத 106 பேரை அமெரிக்காவில் நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு அறிவுரையும் மருந்தும், ஒரு பிரிவினர்க்குப் பயிற்சியும் பற்கவசமும் சேர்ந்த சிகிச்சையும், மற்ற இரு பிரிவினர்க்கும் இருவகை ரணசிகிச்சையும் செய்வதென்று வகுத்து, ஐந்தாண்டுகள் கவனித்தனர். முடிவு 2007-இல் வெளியாயிற்று. நான்கு பிரிவினரும் நலம் அடைந்தனர். பிரிவுகட்கிடையே வேற்றுமை காணப்படவில்லை. அப்படியாயின் முதலிற் செய்யத்தக்கது எளியதா, அரியதா? அறிவுடையோர்க்கு ஐயம் உண்டோ?

இவ் வரலாற்றினின்று பெரியோர் கற்ற பாடம் யாதெனில், மீட்கக்கூடியதை முதலிற் செய்க. மீட்கவொண்ணாததை இறுதிக்கு வைக்க என்பதே. 1996-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய மாநாடும், 2010-இல் அந்நாட்டுப் பல் ஆராய்ச்சிச் சங்கமும் இதனையே வற்புறுத்தின. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தாடை நோவுக்குப் பல தேசத்து மருத்துவரும் நோயாளரும் கூடி வகுத்த வழிகாட்டி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அவர்கள் உறுதியாகப் பரிந்துரைத்தவை எவை? நோயின் தன்மையை விளக்கி அச்சம் தீர்த்தல். வீட்டிற் செய்யும் பயிற்சி. பயிற்றுநர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சியும், கழுத்தையும் முதுகையும் நிமிர்த்தி வைக்கும் பயிற்சியும். கையால் தசையைப் பிடித்துவிடுதல். வலியோடு வாழும் மனப்போக்கைத் திருத்தும் உளச்சிகிச்சை. இவையெல்லாம் கத்தியின்றி, ஊசியின்றிச் செய்வன. உறுதியாக விலக்கியவை எவை? பல்லின் பொருத்தத்தை நிலையாக மாற்றிவிடும் கவசங்கள், தட்டை அறுத்தெடுத்தல், வீக்கம் தணிக்கும் மாத்திரையோடு அபின் இன மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தல். தசையைத் தளர்த்தும் பொடுலினம் ஊசி, மயக்கமும் பழக்கமும் தரும் மாத்திரைகள், பொருத்தினுள் ஊசி போடுதல், பொருத்தை நீர் செலுத்திக் கழுவுதல் ஆகியவை எல்லார்க்கும் பொதுவாகச் செய்யத்தக்கன அல்ல என்றனர். இரவிற் பூணும், கழற்றி வைக்கக்கூடிய பற்கவசத்தையும் அவ் வரிசையிலேயே வைத்தனர்.

பற்கவசத்தைப் பற்றி ஒரு சொல். தாடை வலியைத் தீர்க்கும் என்று அதனை வாங்குவதற்கு வலுவான சான்று இல்லை. பற்கடிப்பை நிறுத்துவதாகவும் அது நிறுவப்படவில்லை. ஆயின் இரவெல்லாம் அரைத்துப் பல்லின் மேற்பூச்சுத் தேய்கின்றவர்க்கு, பல்லுக்குப் பதிலாகக் கவசம் தேயும். அவ்வளவில் அது பயனுடையது. அதனையும் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யவேண்டும்; எல்லாப் பற்களையும் மூடுவதாக இருக்கவேண்டும். முன்பற்களை மட்டும் மூடும் சிறு கவசத்தைப் பல மாதம் பூண்டால், பின்பற்கள் எழுந்து பொருத்தம் மாறிவிடக்கூடும். தொண்டையில் இறங்கிவிடத்தக்க சிறு துண்டுகளைக் கடையில் வாங்கிப் பூணாதீர்.

வீட்டிலே செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுகின்றேன். வலி மிகுந்த நாட்களிற் குழைந்த சோறு, இட்லி, கஞ்சி, வெந்த காய் ஆகியவற்றை உண்க. முறுக்கு, சீடை, கரும்பு, பொருள்விளங்கா உருண்டை முதலியவற்றை விலக்குக. பாக்கு எந்நாளும் வேண்டா. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், சுடாத பதத்தில், கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் பத்துப் பதினைந்து நிமிஷம் ஒத்தடம் கொடுக்க. கொட்டாவி வரும்போது முகவாயின் கீழ்க் கையை வைத்துத் தாங்குக. ஒரு கன்னத்தைக் கையில் ஊன்றி உட்காரும் வழக்கத்தை விடுக. வலியைத் தூண்டாத அளவில் வாயை மெல்லத் திறந்து மூடும் பயிற்சியை நாளுக்குச் சிலமுறை செய்க. வலி தணிக்கும் மாத்திரைகளைச் சில நாட்களுக்கு மேல் மருத்துவரைக் கேளாமல் உண்ணவேண்டா. குன்மப் புண்ணும் சிறுநீரக நோயும் உடையார் முதல் மாத்திரைக்கே கேட்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பகலிற் பற்களை இறுக்கும் வழக்கத்தை அறிந்து விடுதல். உண்ணாத நேரத்தில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவேண்டியதேயில்லை. உதடுகள் மூடியிருக்க, பற்கள் சற்று விலகியிருப்பதே இயற்கை. இதனைப் பழகுதற்கு மருத்துவர்கள் கூறும் உபாயம் நம் இலக்கணத்திற்கு மிக அணியது. தொல்காப்பியப் பிறப்பியலிலே றகரமும் னகரமும் நாவின் நுனி அண்ணத்தைப் பொருந்தப் பிறக்கும் என்று ஆசிரியர் வகுத்துள்ளார். நீங்கள் இப்பொழுதே ‘ன்’ என்று ஒலித்து, அந் நிலையிலேயே நாவை நிறுத்துங்கள். நா மேலே ஒட்டியிருக்கும், பற்கள் தொடா, தாடை தளர்ந்திருக்கும். அதுவே ஓய்வு நிலை. கணக்கெழுதும் மேசையிலும், அடுப்பங்கரையிலும், தையற்பொறியிலும் ஓர் அடையாளம் ஒட்டிவைத்து, கண்ணிற் படுந்தோறும் ‘ன்’ என்று நினைத்துக்கொள்க. காசு செலவில்லாத இம் மருந்தைப் போல் எளியது வேறில்லை.

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில் அண்மையில் நிகழ்ந்ததை, அவர்கள் இசைவோடு, பெயர் குறியாது கூறுகின்றேன். ஜவுளிக் கடையொன்றிற் கணக்கெழுதும் பெண், வயது 22. விவாகம் நிச்சயமாகியிருந்தது. காலையில் எழுந்தால் தாடை வலி, வாய் திறந்தாற் ‘களுக்’ என்னும் ஓசை. ஒரு பல் வைத்தியசாலையிற் கடைவாய்ப் பற்கள் பன்னிரண்டையும் குறைத்து மூடி போடவேண்டும், காலந்தாழ்த்தால் தாடை மாட்டிக்கொள்ளும் என்றனர். அவள் அண்ணன் தாலிக்கென்று வைத்திருந்த பொன்னை அடகு வைக்கத் துணிந்து, நிதியிடமும் உதவி கோரினான். குழுவினர் ஒன்றே கேட்டோம்: வேறொரு மருத்துவரிடம் காட்டினீர்களா? அரசினர் பல் மருத்துவமனை ஒன்றிற் காட்டினர். பற்களிற் குற்றம் இல்லை, தசைகள் நோகின்றன, வாய் நன்றாகத் திறக்கின்றது, வலியில்லாத ஓசைக்குச் சிகிச்சை வேண்டா என்று சொல்லி, மேற்கூறிய பயிற்சிகளைக் கற்பித்தனர். மூன்று மாதத்தில் வலி பெரும்பாலும் தணிந்தது. ஓசை இன்னும் இருக்கின்றது; கணக்கு முடிக்கும் மாதத்தில் வலியும் சிறிது தலைகாட்டுகின்றதாம். ஆயினும் பன்னிரண்டு பற்களும் முழுமையாய் இருக்கின்றன; பொன்னும் இருக்கின்றது.

நிதானம் என்பது அசட்டையன்று. காத்திருக்கலாகாத நோய்களும் தாடையில் வந்து தோன்றும். நடக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ தாடையில் வலி கண்டு, மார்பில் இறுக்கமும் வியர்வையும் உண்டாயின் அது மாரடைப்பாக இருக்கலாம். அப்பொழுதே 108 வண்டியை அழைக்க. ஐம்பது வயது கடந்தோர்க்கு மெல்லும்போது தாடை வலித்து, புதிதாய்த் தலைநோவும், தலைத்தோலில் நோவும், பார்வை மங்கலும் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. தாழ்த்தாற் கண் போய்விடக்கூடும். காய்ச்சலோடு கன்னம் வீங்குதல், முகம் மரத்தல், திறந்த வாய் மூடாமை, அடிபட்டபின் பற்கள் பொருந்தாமை ஆகியவற்றிற்கும் தாமதம் கூடாது. மோவாயில் அடிபட்ட குழந்தைக்கு நாளடைவில் வாய் திறப்பது குறைந்தால், பொருத்து எலும்போடு எலும்பாய் ஒட்டிக்கொள்கிறதோ என்று பார்க்கவேண்டும். அதற்கு ரணசிகிச்சையே வழி.

நம் நாட்டார் தனியே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பாக்கும், பாக்குக் கலந்த பொட்டலங்களும் மெல்வோர்க்கு வாயினுள் தோல் வெளுத்து விறைத்து, மெல்ல மெல்ல வாய் திறப்பது சுருங்கும். காரம் பட்டால் எரியும். இது தாடைப் பொருத்தின் நோயன்று, புற்றுநோய்க்கு முன்னோடியாகக்கூடியது. பாக்குத் தனியே புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலில் அறுதியிட்டது. பெரியோர் ஒருவர் தம் விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாயிற் செலுத்த இயலவேண்டும். இயலாதாயினும், வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாதாயினும், மருத்துவரிடம் காட்டுக. மங்கல காரியங்களில் தாம்பூலம் வைப்பது நம் மரபு. வைத்தலோடு நிறுத்திக்கொண்டால் மரபுக்கு ஊனமில்லை.

ஆகவே, தாடை நோவுக்கென்று ஒரு மருத்துவர் பெருஞ்செலவான சிகிச்சையைக் கூறுவாராயின், பணிவாகவே ஐந்து கேள்விகள் கேளுங்கள். என் நோய் இன்னதென்று எதனால் துணிந்தீர்கள்? இப்பொழுது ஒன்றும் செய்யாவிடில் என்ன ஆகும்? நீங்கள் செய்யப்போவதை வேண்டாதபோது மீட்க முடியுமா? இதனினும் எளியவற்றை எத்தனை வாரம் செய்து பார்த்தோம்? பயன்பட்டதா என்பதை எந்நாளில், எதனால் அறிவோம்? நல்ல மருத்துவர் இவற்றிற்கு முகஞ்சுளியார். மகிழ்ந்து விடை கூறுவார். விடை கூறாது, இன்றே செய்யாவிட்டாற் கெடும் என்று அச்சுறுத்துவோரிடம் ஒரு நாள் தவணை கேட்டு வெளியே வருக. திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அதன் முற்பகுதி பெரும்பாலும் உண்ணும் அளவையே பேசுகின்றது; மருத்துவன் செயலைச் சொல்லப் புகுந்தபொழுதும், நோயைத் துணிதல் முன்னும் தீர்த்தல் பின்னுமாகவே வள்ளுவர் முறை வைத்தார். முறை மாறினால் மருந்தே நோயாம்.

செல்வர்க்கே இந் நிதானம் வேண்டும், ஏழைகட்குச் செலவு செய்ய எங்கே வழி என்று சிலர் கேட்கலாம். உண்மை இதற்கு மாறானது. செல்வன் ஒருவன் தவறான சிகிச்சையைச் செய்துகொண்டால் அதனைத் திருத்தப் பணம் உடையவன். கூலிக்காரன் பல்லை இழந்தால் இழந்ததே. இவ்விடத்து ஏழைக்கு நல்லதும், மலிவானதும், சான்றுடையதும் ஒன்றாகவே அமைந்திருப்பது அரிய நற்பேறு.

முடிவாக நிதிக் குழுவின் சார்பில் சங்கத்தார்முன் மூன்று யோசனைகளை வைக்கின்றேன். ஒன்று: பல்லைக் குறைத்தல், பொருத்தம் மாற்றுதல், பொருத்தில் ரணசிகிச்சை ஆகிய மீட்கவொண்ணாத சிகிச்சைகட்கு உதவி கோருவோர், இரண்டாவது மருத்துவர் ஒருவரின் கருத்தையும் இணைத்தல் வேண்டும், சென்னை அரசினர் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்கட்குச் சென்று வர ஆகும் பிரயாணச் செலவை, கேட்ட அன்றே, நிதி கொடுக்கவேண்டும். இரண்டு: காத்திருக்கலாகாதவை என்று யான் கூறிய நோய்கட்கு இந் நிபந்தனை இல்லை, அவற்றிற்குத் தலைவரும் பொருளாளரும் உடனே பணம் வழங்கலாம். மூன்று: பயிற்சி கற்பிக்கும் இயன்முறை வைத்தியரிடம் செல்லும் கட்டணத்தையும் உதவிக்கு உரியதாகக் கொள்ளவேண்டும். கத்திக்குக் கொடுப்போம், பயிற்சிக்குக் கொடோம் என்று நம் விதி இப்பொழுது இருக்கின்றது. அவ்விதியே மக்களைக் கத்தியின்பால் தள்ளுகின்றது.

இவற்றை அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆராய்ந்து, திருத்த வேண்டுவன திருத்தி, ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். எதிர்ப்போர் காரணம் கூறி எதிர்க்கட்டும், கேட்கக் காத்திருக்கின்றோம்.